பிறர் முறையை விலைக்கு வாங்கலாமா?

சென்ற ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில் என் மகன் செந்தோசாத் தீவிலுள்ள உல்லாச விடுதியொன்றில் இரண்டு இரவுகள் தங்குவதென ஏற்பாடு செய்து, தன் மனைவி மக்களோடு எங்களையும் உடனழைத்துச் சென்றான். பேரனுக்கு வயது ஆறு, பேத்திக்கு மூன்று. தேக்காவிலிருந்து டாக்ஸியில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் இடந்தான். வீட்டில் கட்டிலும் மெத்தையும் காத்துக் கிடக்க, அரை மணி தூரத்தில் போய்ப் படுத்தெழுவதற்கு இத்தனை வெள்ளியா என்று நான் முதலில் முணுமுணுத்தது உண்மை. என் வயதொத்த வியாபாரிகள் எவரும் அப்படித்தான் முணுமுணுத்திருப்பார்கள்.

ஆயினும் இக்கட்டுரை செலவைப் பற்றியதன்று. கடனில்லாமல், ஸகாத்தையும் நிறைவேற்றிவிட்டு, ஹலாலான சம்பாத்தியத்தில் ஒருவன் ஆண்டுக்கொரு முறை தன் பிள்ளைகளை மகிழ்விப்பதை வீண்விரயம் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகள் நீச்சல் குளத்தில் குதித்துக் கும்மாளமிட்டதைப் பார்த்தபின் முணுமுணுப்பும் நின்றுவிட்டது. அந்த வளாகத்தில் வேறொரு விடுதியில் கடல்வாழ் உயிரினங்களைக் கண்ணாடிச் சுவரின் வழியே படுக்கையிலிருந்தே பார்க்கும் அறைகளும் உண்டாம். அதன் வாடகையைக் கேட்டுவிட்டு மகன் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் எழுத வந்தது பேரன் கேட்ட ஒரு கேள்வியைப் பற்றி.

இரண்டாம் நாள் காலை விளையாட்டுப் பூங்காவுக்குப் போனோம். 2010ஆம் ஆண்டு மார்ச்சில் திறக்கப்பட்ட யுனிவர்சல் ஸ்டூடியோஸ் பூங்காவை நம்மவர் பலரும் அறிவர். அங்கு விளையாட்டுக்கு விளையாட்டு வரிசை. விடுமுறை நாளில் ஒரு வரிசையில் ஒரு மணி நேரம் நிற்பதும் உண்டு. நுழைவுச் சீட்டுக்கு மேல் தனியாகப் பணம் கட்டினால் ‘எக்ஸ்பிரஸ்’ என்றொரு சீட்டு கிடைக்கிறது. அதை வைத்திருப்போருக்கு வேறு பாதை. பொது வரிசையில் வெயிலுக்கு விசிறிக்கொண்டு நிற்பவர்களைக் கடந்து, சில நிமிடங்களில் முன்னே போய்விடலாம். மகன் எங்கள் எல்லோருக்கும் அதை வாங்கி வைத்திருந்தான். அது நல்ல எண்ணத்தில் செய்த காரியமே. சின்னவள் நிற்கமாட்டாள், அவன் தாயாருக்கு முழங்கால் வலி.

முதல் விளையாட்டிலேயே நாங்கள் தனிப் பாதையில் விறுவிறுவென்று நடக்க, கயிற்றுக்கு அப்பால் பேரன் வயதுள்ள ஒரு பையன் தன் தந்தையின் கையைப் பிடித்தவாறு எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றான். பேரன் என்னை நோக்கி, “அப்பா, அவங்கதானே நமக்கு முன்னாடி வந்தாங்க? நாம ஏன் முன்னாடி போறோம்?” என்றான். (பாட்டனாரை அப்பா என்றழைப்பது எங்கள் வீட்டு வழக்கம்.)

“நாம் காசு கொடுத்திருக்கிறோம்” என்றேன்.

“அவங்களும் காசு கொடுத்துத்தானே வந்திருக்காங்க?”

“நாம் கூடுதலாகக் கொடுத்திருக்கிறோம்” என்றேன். அவன் சிறிது யோசித்துத் தலையாட்டினான். என் பதில் அவனுக்கு விளங்கிவிட்டது. அன்று மாலைக்குள் எல்லா விளையாட்டுகளிலும், “எங்க வழி இந்தப் பக்கம்” என்று அவனே எங்களுக்கு முன்னால் ஓடத் தொடங்கிவிட்டான்.

ஒரேயொரு இடத்தில் மட்டும் அவன் தடுக்கப்பட்டான். சில விளையாட்டுகளுக்கு உயர அளவு உண்டு. அளவுகோலைக் காட்டி நிறுத்திப் பார்ப்பார்கள். இரண்டு விரற்கடை குறைந்தான். எக்ஸ்பிரஸ் சீட்டை நீட்டினான். அங்கிருந்த பெண் சிரித்துக்கொண்டே தலையை அசைத்துவிட்டாள். அழுதான். எனக்கோ, உண்மையைச் சொன்னால், அந்த அளவுகோலின்மேல் ஒரு மரியாதை பிறந்தது.

வீடு திரும்பி இரண்டு வாரங்கள் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு மாலை சிராங்கூன் ரோட்டின் கூட்டத்தை நம் வாசகர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. ஆறு நாள் உழைத்த தொழிலாளர்கள் ஊருக்குப் பணம் அனுப்பவும், சாமான் வாங்கவும், ஊர்க்காரனைக் கண்டு நாலு வார்த்தை பேசவும் கூடும் நாள். எங்கள் கடையில் கல்லாவுக்கு முன்னே பத்துப் பன்னிரண்டு பேர் கையில் சாமானோடு நின்றார்கள். பேரன் ஒரு மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அவர்களைத் தள்ளிக்கொண்டு முன்னே வந்துவிட்டான். முன்னால் நின்றவர் புதுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளை; கட்டுமான வேலை பார்ப்பவர்; மாதந்தோறும் வருபவர். அவர் முகங்கோணாமல் ஒதுங்கி, “போகட்டும், முதலாளி வீட்டுப் பிள்ளை” என்றார். பேரன் அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். செந்தோசாவில் அவன் கற்றுக்கொண்ட பாடத்தை என்னிடம் ஒப்பிப்பதுபோல் இருந்தது எனக்கு.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

இதை ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் காசு மாற்று வியாபாரம் செய்யும் நண்பரொருவரிடம் தேநீர் வேளையில் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். “காக்கா, நாம் வியாபாரிகள். விற்கிறவன் விலை சொல்கிறான், வாங்குகிறவன் சம்மதித்து வாங்குகிறான். இதில் குற்றம் எங்கே வந்தது? விமானத்தில் முதல் வகுப்பில்லையா? இந்த ஊரில் கார் வைத்திருக்கும் உரிமையையே 1990 முதல் ஏலத்தில்தானே விடுகிறார்கள்? கூட்ட நேரத்தில் சில சாலைகளில் போகவே 1998 முதல் மின்கட்டணம் வாங்குகிறார்களே, அதைக் கொடுத்துவிட்டு நீங்கள் கடைக்கு வருவதில்லையா?” என்று அடுக்கினார்.

நியாயமான கேள்விகள். பதில் தேட எனக்குச் சில நாட்கள் பிடித்தன. என் புத்திக்கு எட்டியதைச் சொல்கிறேன்.

நான் விலையுயர்ந்த அறையில் படுப்பதால் மலிவான அறையில் படுப்பவரின் மெத்தை ஒரு விரற்கடைகூடக் குறுகுவதில்லை. விமானத்தில் ஒருவர் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு போனாலும் பின்னிருப்பவர் அதே நேரத்தில்தான் ஊர் போய்ச் சேருகிறார். ஆனால் முந்திச் செல்லும் சீட்டு அப்படிப்பட்ட சரக்கன்று. நான் ஒரு அடி முன்னே போனால் கயிற்றுக்கு அப்பால் நிற்பவர் ஒரு அடி பின்னே போகிறார். கூட்டமில்லாத நாளில் அந்தச் சீட்டை வைத்திருப்பதில் லாபமேயில்லை. கூட்டம் பெருகப் பெருக அதன் விலையும் ஏறுகிறது; நாளுக்கேற்ற விலையென்று பகிரங்கமாகவே விற்கிறார்கள். ஆகவே அதன் மதிப்பு எதிலிருந்து பிறக்கிறது? பிறர் காத்து நிற்பதிலிருந்து. விளையாட்டு இயந்திரம் பூங்காக்காரருடையது, சந்தேகமில்லை. அந்த மற்றவர்களின் காத்திருப்பு யாருடையது? அதை விற்க யாருக்கு உரிமை? விலை கொடுத்த என்னிடம் அதற்கு ரசீது இருக்கிறது. நேரத்தை இழந்தவர்களுக்கோ ஒரு காசும் வந்து சேரவில்லை.

சரக்கைப் பதுக்கி வைத்துத் தட்டுப்பாட்டில் விலையேற்றி விற்பதை நம் மார்க்கம் தடுத்திருக்கிறது. வியாபாரிகளாகிய நமக்கு இது பழக்கமான விஷயம். பூங்காவின் வரிசை பதுக்கல் அன்று. வரிசையை எவரும் வேண்டுமென்று நீட்டுகிறார்கள் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் தட்டுப்பாடு நீடிப்பதில் விற்பவனுக்கு ஆதாயம் வருகின்ற எந்த வியாபாரத்தையும் சற்று உற்றுப் பார்ப்பது நம்மவரின் பழைய வழக்கமல்லவா?

சாலைக் கட்டணத்தைப் பற்றி நண்பர் கேட்டதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அந்தப் பணம் அரசாங்கக் கஜானாவுக்குப் போகிறது, நெரிசலும் குறைகிறது என்று சொல்லலாம். பணமில்லாதவன் பஸ்ஸில் போகிறான் என்பதும் இருக்கத்தான் செய்கிறது.

இந்த விவகாரம் நமக்கு மட்டும் தோன்றியதன்று. ஹார்வர்டு பல்கலைக் கழகத்தின் பேராசிரியர் மைக்கேல் சாண்டல், பணத்தால் எதை வாங்கலாம், எதை வாங்கலாகாது என்பதைப் பற்றி 2012இல் வெளியிட்ட நூலின் முதல் அத்தியாயமே வரிசையை முந்துவதைப் பற்றியதுதான். சில பூங்காக்கள் கூடுதல் பணம் கட்டியவர்களைப் பக்கவாசல் வழியாக, மற்றவர் கண்ணில் படாமல் அழைத்துச் செல்வதாகவும் அவர் எடுத்துக்காட்டுகிறார். நேர்மையான பண்டமென்றால் அதை ஒளித்துக் கொடுப்பானேன்? அமெரிக்காவில் 1955இல் டிஸ்னிலாந்து திறக்கப்பட்டபோது இப்படியொரு சீட்டு இல்லை. 1999இல் டிஸ்னி பூங்காக்களில் வரிசையில் நிற்காமல் நேரம் குறித்துக்கொள்ளும் சீட்டு வந்தபோதும் அது எல்லோருக்கும் இலவசமாகவே இருந்தது. அமெரிக்கப் பூங்காக்களில் 2021இல் அது போய், காசுக்கு விற்கும் முறை வந்தது. முன்பு வெட்கப்பட்ட காரியம் வழக்கமாகிவிட இருபத்திரண்டு ஆண்டுகள் போதுமானதாயிருந்தது.

இங்கே இன்னொன்று சொல்லத் தோன்றுகிறது. பூங்கா இருக்கும் அதே வளாகத்தில் சூதாட்டக் கூடமும் உண்டு. 2005ஆம் ஆண்டு ஏப்ரலில் அரசாங்கம் அதற்கு இணங்கியபோது நாடெங்கும் பெரிய விவாதம் நடந்தது. நமக்கு அது ஹராம். அதில் பேச இடமில்லை. ஆனால் கவனித்தீர்களா: அந்த வாசலில் குடிமக்களிடமும் நிரந்தரவாசிகளிடமும் முதலில் நாளொன்றுக்கு 100 வெள்ளியும், 2019 ஏப்ரல் முதல் 150 வெள்ளியும் வாங்குகிறார்கள். உள்ளே போக யோசிக்கட்டும் என்பதற்காக வைத்த விலை அது. சற்று நடந்தால் பிறரை முந்தி உள்ளே போவதற்கென்று ஒரு விலை. ஒரே தீவில் வெள்ளி ஓரிடத்தில் வேலியாகவும் இன்னோரிடத்தில் சாவியாகவும் நிற்கிறது. மரணத்தைச் சுட்டும் ‘பிளாக்கான் மாத்தி’ என்ற பழைய பெயரை மாற்றி, சந்தோஷத்தின் பெயரை 1970களின் தொடக்கத்தில் அத்தீவுக்கு இட்டவர்கள் இதையெல்லாம் எண்ணியிருக்கமாட்டார்கள்.

வெள்ளி செல்லாத வரிசைகளும் நம் வாழ்வில் இருக்கின்றன. டன்லப் ஸ்ட்ரீட்டில் அப்துல் கபூர் பள்ளிவாசலுக்கு ஜும்ஆவுக்குப் பிந்தி வருகின்ற முதலாளி, முந்தி வந்துவிட்ட தன் கடைப் பையனுக்குப் பின்னால்தான் நின்று தொழுகிறார். அமர்ந்திருப்பவர்களின் தோளைத் தாண்டி முன்னே போகலாகாது என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். ஹஜ்ஜை எடுத்துக்கொள்ளுங்கள். இந்நாட்டுக்கு 2024இல் கிடைத்த இடங்கள் 900. முயிஸில் பெயர் பதிந்தவர்கள் பல்லாண்டுகளாகக் காத்திருக்கிறார்கள். ஒரு விமானத்தையே வாடகைக்கு அமர்த்தக்கூடிய வசதியுள்ளவரும் அந்தப் பட்டியலில் தம் எண்ணுக்காகக் காத்திருக்கிறார். அதில் அவர் தம்மைச் சிறுமைப்பட்டவராக எண்ணுவதில்லை. நண்பரிடம் இதைச் சொன்னபோது, “இபாதத்தையும் விளையாட்டையும் ஒன்றாக்கிவிட்டீர்களே” என்றார். அதுவும் சரிதான். ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்கு வரிசை என்றால் ஒரே வரிசைதானே? பள்ளிவாசலுக்கு ஒன்று, பூங்காவுக்கு ஒன்று, கடைக்கு ஒன்று என்று அவன் மனத்தில் மூன்று பெட்டிகளா இருக்கின்றன?

பழைய காலம் தங்கமான காலம் என்று சொல்லவும் நான் வரவில்லை. நம் தேக்காவுக்குப் பக்கத்திலேயே ஜாலான் புசாரில் 1923இல் திறக்கப்பட்ட நியூ வேர்ல்டு கேளிக்கைப் பூங்கா இருந்தது. 1987இல் மூடப்பட்டு, இப்போது அந்த இடத்தில் சிட்டி ஸ்குவேர் கடைத்தொகுதி நிற்கிறது. எழுபதுகளில் நான் சிறுவனாக அங்கே போயிருக்கிறேன். ராட்டினத்துக்கு முன்னால் சீனத் தவுக்கேயின் பிள்ளையும் மீன் வியாபாரியின் பிள்ளையும் நானும் ஒரே வரிசையில் நின்றோம். ஆனால் சினிமாக் கொட்டகையில் அந்நாளிலும் முதல் வகுப்பும் கடைசி வகுப்பும் இருந்தன. நம்மவரின் திருமணப் பந்திகளிலும் முதற்பந்தி என்று ஒன்று இருந்ததை மறைத்துவிட்டுப் பிறரைக் குறை சொல்லிப் பயனென்ன?

இவ்வளவும் எழுதியபின் என் மகன் சொன்ன பதிலையும் எழுதாவிட்டால் அது நேர்மையாகாது. அவன் சொன்னான்: “வாப்பா, வருஷத்தில் முந்நூற்றறுபது நாள் கடை. பிள்ளைகள் விழித்திருக்கும்போது நான் வீட்டிலிருப்பது ஞாயிறு காலை மட்டும். கிடைத்த இரண்டு நாளில் பாதியை வரிசையில் நின்று கழிக்கச் சொல்கிறீர்களா?”

இது வியாபாரிகளாகிய நம் எல்லோருடைய வீட்டுக் கேள்வி. நேரம் கொடுக்க முடியாத குறையை வெள்ளியால் ஈடுசெய்யப் பார்க்கிறோம். என் வாப்பாவும் சபராளிதான். மூன்றாண்டுக்கொரு முறை ஊருக்கு வருவார்கள், நாலு மாதம் இருப்பார்கள், போய்விடுவார்கள். பெட்டி நிறையச் சாமான் வரும். எனக்கு அவர்கள் முகம் பழகுவதற்குள் கப்பல் நாள் வந்துவிடும். 1970இல் என்னை இங்கு அழைத்துவர நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பலில் ஏற்றினார்கள். மேல்தளப் பயணம். சோற்றுக்கும் தண்ணீருக்கும் தட்டும் குவளையும் ஏந்தி வரிசையில் நிற்கவேண்டும். அந்த வரிசைகளில்தான் வாப்பா என்னோடு பேசினார்கள். கடையைப் பற்றி, சரக்கைப் பற்றி, தாம் முதன்முதல் வந்திறங்கியபோது பட்ட பாட்டைப் பற்றி. பின்னால் நிற்கும் கிழவருக்கு எப்படி இடம் விடுவது என்பதைப் பற்றியும். பதின்மூன்று வயது வரை எனக்குக் கிடைக்காத தகப்பனார் அந்த ஒரு பயணத்தில் கிடைத்தார்கள். அன்று முந்திச் செல்லும் சீட்டு விற்றிருந்தால், என்மேலிருந்த பிரியத்தால் வாப்பாவும் வாங்கியிருக்கக்கூடும்.

மகனிடம் இதைச் சொன்னேன். “அது வேறு காலம் வாப்பா” என்றான். சற்றுப் பொறுத்து, “எத்தனை விளையாட்டு என்று அவனும் கணக்கு வைக்கவில்லைதான். அந்தக் கோலை மட்டுந்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறான்” என்றான்.

நோயாளியும், முதியவரும், கைக்குழந்தையோடு நிற்கும் தாயும் முன்னே போவதில் எவருக்கும் ஆட்சேபம் இருக்காது. வரிசையிலிருப்பவர்களே வழி விடுவார்கள். கேட்டு, நன்றி சொல்லிப் பெறுவது அது. சீட்டைக் காட்டி நடப்பவன் எவரையும் கேட்பதில்லை; நிற்பவர்களின் முகத்தைப் பார்க்கவேண்டிய தேவையே அவனுக்கு இல்லை. என் பேரன் புதுக்கோட்டைப் பிள்ளையின் முகத்தைப் பார்க்காததுதான் எனக்கு இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

டிசம்பர் விடுமுறைக்கும் அங்கேயே போவதென்று மருமகள் சொல்கிறாள். சீட்டு வாங்குவதா வேண்டாமா என்று இன்னும் முடிவாகவில்லை. சின்னவளை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் நிற்பது எப்படி என்ற கேள்விக்கு நானும் விடை சொல்லவில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பேரன் மறுபடி கடைக்கு வந்திருந்தான். மிட்டாய்ப் பொட்டலத்தோடு முன்னே வந்தான். இம்முறை நான் கல்லாவிலிருந்து எழுந்து, அவனைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் வரிசையின் கடைசியில் நிறுத்தினேன். அவனுக்கு முன்னால் பதினோரு பேர். இரண்டு பேர் விலகி வழி விட்டார்கள். “இருக்கட்டும் தம்பி, அவன் முறை வரட்டும்” என்றேன். இருபது நிமிடமாயிற்று. அவனுக்கு முன்னால் நின்றவர் கையிலிருந்த பொம்மைக் காரைக் காட்டி, ஊரிலிருக்கும் தம் மகனுக்கு என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பேரன் அதைத் தொட்டுப் பார்த்தான். முறை வந்தபோது காசைக் கொடுத்து, மீதி இருபது காசை எண்ணி வாங்கிக்கொண்டு, என்னோடு ஒரு வார்த்தையும் பேசாமல் போய்விட்டான்.